சார்ட்டர் பள்ளியின் மதிப்பெண்ணை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். மகள் அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் உள்ள சார்ட்டர் பள்ளியில் மாநிலத் தேர்வில் தேறியவர்கள், எங்கள் வட்டாரப் பள்ளியைவிட நிறையவே அதிகம். ஆனால் அங்கே ஏழைப் பிள்ளைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் குறைவாம். அங்கே இடம் ஒதுக்க நடத்தும் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். சார்ட்டர் பள்ளியைத் தனி நிர்வாகம் நடத்தினாலும் அதுவும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான், படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த மொத்த சதவீதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்ற எண்ணில் பள்ளியின் உழைப்போடு வீட்டு வசதியும் கலந்தே இருக்கும், இரண்டையும் அது பிரித்துக் காட்டாது.

2015-ல் வந்த கல்விச் சட்டப்படி இனம், வருமானம், உடற்குறை, ஆங்கிலம் கற்போர் என்று பிரித்துத்தான் மாநிலங்கள் முடிவுகளை வெளியிட வேண்டும். அந்த அறிக்கையை எடுத்து, இங்கே உள்ள ஏழைப் பிள்ளைகளை அங்கே உள்ள ஏழைப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ‘வளர்ச்சி’ என்று தனியாக ஒரு கணக்கு இருந்தால் அதைப் பாருங்கள். ஒரு பிள்ளை போன வருஷம் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான், நான் பெரிதாக மதிப்பதும் அதைத்தான். ஒன்றில் மட்டும் கவனம்: வறுமைக்கு அடையாளமாக இலவச மதிய உணவுக் கணக்கைக் காட்டுவார்கள், ஆனால் சில பள்ளிகளில் எல்லாருக்குமே இலவசச் சாப்பாடு என்பதால் அந்த எண் ஏமாற்றிவிடும்.

சார்ட்டர் என்றாலே உசத்தி என்றும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற ஆய்வு மையம், ஒவ்வொரு சார்ட்டர் பிள்ளையையும் அதே வருமானம், இனம், முந்தைய மதிப்பெண் உள்ள, வழக்கமான அரசுப் பள்ளியில் படிக்கும் இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டது. 2009-ல் கணிதத்தில் 17% சார்ட்டர் பள்ளிகள்தான் மேலே, 37% கீழே. 2023-ல் சராசரியாகப் பார்த்தால் வாசிப்பில் 16 நாள் படிப்புக்குச் சமமான முன்னிலை, கணிதத்தில் 6 நாள். சராசரி அவ்வளவுதான், பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் பெரிது.

குலுக்கல் நேர்மையாக நடந்தாலும், விண்ணப்பிக்கத் தெரிந்த, தினமும் கொண்டுபோய் விட முடிந்த பெற்றோர்தான் அதற்குள் வருகிறார்கள். நடுவில் விலகும் பிள்ளைகளின் இடத்தைச் சில பள்ளிகள் நிரப்புவதே இல்லை, தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் தேர்வு எழுதினால் சதவீதம் தானாக ஏறும். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது நேராகக் கேளுங்கள்: இப்போது ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வகுப்பிலும் இங்கேயே படித்தவர்கள், போனவர்களின் இடத்துக்கு யாரையாவது சேர்த்தீர்களா?