தொட்டி மண்ணைக் கிளறுவது யார்?

மாடியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், காலையில் பார்த்தால் மண் இறைந்து கிடக்கிறது, தக்காளி நாற்று வேரோடு சாய்ந்திருக்கிறது, மிளகாய்த்தூள் தூவியும் பயனில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் வருவது யார் என்று பாருங்கள். விரல் ஆழத்தில் அங்கங்கே நாலைந்து குழிகள் என்றால் பெரும்பாலும் அணில். உள்ளங்கை அகலத்துக்குத் தோண்டித் திரும்ப மூடியிருந்து, கிட்டே போனால் நாற்றமும் அடித்தால் பூனை. இலை மிதிபட்டு விளிம்பில் வெள்ளையாக எச்சம் இருந்தால் புறா. அப்படியும் புரியவில்லையா, சாயங்காலம் தொட்டியைச் சுற்றி மெல்லிய மணலைப் பரப்பிவிட்டு, இருட்டும்போது ஒருமுறையும் விடிந்ததும் ஒருமுறையும் கால்தடம் பாருங்கள். அணிலும் புறாவும் பகலில் வருபவை, எலி இரவில் வரும், பூனையும் பெரும்பாலும் அப்படித்தான்.

மிளகாய்த்தூளின் எரிச்சல் அணில், எலி, பூனைக்குத்தான். பறவைகளுக்குக் காரமே உறைக்காது, கிளி மிளகாயைக் கொத்தித் தின்பது அதனால்தான். தண்ணீர் ஊற்றினால் தூள் அடித்துக்கொண்டும் போய்விடும். பூனையின் பாதத்தில் ஒட்டிக் கண்ணில் பட்டால் பாவம், அதனால் நான் அதைச் சொல்வதே இல்லை. அந்துருண்டையும் வேண்டாம், அது குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் விஷம்.

உறுதியாகக் கைகொடுப்பது மண்ணை மூடுவதுதான். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைத் தொட்டி வாய்க்கு ஏற்ப வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடு வரை ஒரு கீறல் போட்டு, நடுவில் தண்டுக்கு விரல் நுழையும் அளவு துளை விட்டு மண்மேல் படிய வையுங்கள், வெட்டிய முனைகளை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். தண்ணீர் தாராளமாக இறங்கும், தோண்ட மட்டும் முடியாது. தண்டு பருக்கப் பருக்கத் துளையைப் பெரிதாக்க மறக்காதீர்கள், மறந்தால் கம்பி தண்டை இறுக்கிவிடும். பூனை மட்டும்தான் என்றால் எலுமிச்சம்பழ அளவுக் கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்கினாலே போதும். பூனைக்குப் பிடித்தது பொலபொலவென்ற காய்ந்த மண்தான்.

புறாவுக்குப் பழைய சிடி, மினுங்கும் தாள் எல்லாம் சில நாள்தான், அப்புறம் பழகிவிடும். நாலு குச்சி நட்டு வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கினால் பறவையின் கால் சிக்கும், கட்டிய பிறகும் தினமும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். காலித் தொட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அதில் கூடு கட்டிவிடும்.

இன்னொன்று, எலும்புத்தூளோ மீன் உரமோ புண்ணாக்கோ போட்டீர்களா? அந்த வாசனைக்கே எலி வரும். மேலாகத் தூவாமல் மண்ணுக்குள் நன்றாகக் கலந்து மூடுங்கள். புதிதாக நட்ட நாற்றுக்கு முதல் இரண்டு வாரம் ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். வேர் பிடித்த பிறகு எடுத்துவிடலாம்.