அட்டை கம்பனி லாச்சிக்குள், குளிசை தருமபுரத்திலிருந்து

கேள்வி: எனது கணவர் ஒன்பது மாதமாகத் துபாயில் ஒரு துப்புரவுக் கம்பனியில் வேலை செய்கிறார். அவருக்குச் சீனி வருத்தம். இங்கே இருந்தபோது கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிளினிக்கில் மெற்போமின் குளிசை இலவசமாகக் கிடைத்தது. அங்கே காப்புறுதிக்கென்று மாதம் 60 திர்ஹாம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள், அட்டை மட்டும் கொடுக்கவில்லை. மாமிக்கும் சீனி. அவருடைய கிளினிக் குளிசையில் மிச்சம் பிடித்து, அங்கே போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். அது காணாமல் இவர் நாளுக்கு இரண்டு போடவேண்டியதை ஒன்றாகக் குறைத்துவிட்டார். கம்பனியில் கேட்டால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்களோ என்று பயம். – வாசகி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, அந்த 60 திர்ஹாமை வெட்ட அவர்களுக்கு உரிமையே இல்லை. துபாயின் 2013ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டப்படி, தொழிலாளியின் காப்புறுதிச் செலவு முதலாளியுடையது. அதைத் தொழிலாளி தலையில் போட முடியாது. சம்பளத் துண்டுகள் இருந்தால் ஒவ்வொரு மாதத்தையும் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாளைக்கு வெட்டிய காசைத் திருப்பிக் கேட்க அதுதான் சாட்சி.

அடுத்தது அட்டை. காப்புறுதி இல்லாமல் துபாயில் வதிவிட விசா கிடைக்காது. உங்கள் கணவருக்கு விசா அடித்திருந்தால், அவர் பெயரில் காப்புறுதி எடுத்திருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். பெரும்பாலும் அட்டை கம்பனி லாச்சிக்குள் கிடக்கும், அல்லது அட்டையே அச்சடித்திருக்க மாட்டார்கள். இப்போது பல கிளினிக்குகளில் எமிரேட்ஸ் அடையாள அட்டையைக் கொடுத்தாலே காப்புறுதி விவரம் தெரிந்துவிடும். ஓய்வு நாளில் அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்கில் விசாரிக்கட்டும். எந்தக் காப்புறுதிக் கம்பனி என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மருந்து முழுதும் இலவசமாகக் கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். துபாயின் அடிப்படைக் காப்புறுதித் திட்டத்தில் மருந்து விலையில் 30 சதவீதத்தை நோயாளி கட்டவேண்டும். முதன்முறை சேருகிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் நாள்பட்ட நோய்க்கு ஆறு மாதக் காத்திருப்பும் உண்டு. துபாய்க்குப் போன கையோடு காப்புறுதி எடுத்திருந்தால் அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆனால் காப்புறுதிப் படிவத்தில் சீனி வருத்தத்தை எழுதினாரா என்று கேளுங்கள். வேலை போய்விடும் என்று பயந்து நோயை மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். மறைத்தால் பிறகு காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கும்.

போகிறவர்களிடம் குளிசை கொடுத்து அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். கிளினிக் உறையில் இருப்பது மாமியின் பெயர். அந்தப் பொதியைக் கொண்டுபோகிறவரை விமான நிலையத்தில் மறித்தால் அவர் என்ன சொல்வார்? மெற்போமினுக்குத் தடை இல்லை. ஆனால் சீனிக்காரருக்குக் கால் எரிவுக்குக் கொடுக்கும் பிரீகபலின் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன் அனுமதி வேண்டும். பத்துக் குளிசை கலந்து போனாலும் வழக்கு வரலாம். மாமியும் குறைத்துப் போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

வேலை போகுமோ என்ற பயம் நியாயமானது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழில் சட்டம், அமைச்சில் முறைப்பாடு செய்து அது சரியென்று நிரூபணமான ஒருவரை அதற்காகவே நீக்குவது சட்டவிரோதம் என்கிறது. மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடும் கேட்கலாம். காசு வெட்டியதை அங்குள்ள மனிதவள அமைச்சிடம் முறையிடவேண்டும். அட்டை தராததைத் துபாய் சுகாதார அதிகாரசபையிடம், 800342 என்ற இலக்கத்தில். துபாயில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கும் அவர் போகலாம்.

நீங்கள் இங்கிருந்தும் ஒன்று செய்யலாம். கண்டாவளை பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள், அல்லது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசாப் பிரதிகளோடு போங்கள். அப்புறம், பணியகப் பதிவோடு வரும் காப்புறுதி மரணம், அங்கவீனம் போன்றவற்றுக்கானது. அதை நம்பி மாதாமாதம் குளிசை வாங்க முடியாது.

அவருடைய பழைய கிளினிக் கொப்பி வீட்டில்தானே இருக்கும்? கடைசியாக மருந்து எழுதிய பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வட்சப்பில் அனுப்பிவிடுங்கள். அங்குள்ள டொக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.