கறுப்பும் மாநிறமும் சிவப்பும் ஒரே மேடையில்: ஒளி, உடை கேள்வி-பதில்

நாடகத்தில் கறுப்பான நடிகரும் சிவப்பான நடிகரும் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் முகம் வெளிறுகிறது, மற்றவர் முகம் தெரியவே இல்லை. விளக்கைக் கூட்டினால் போதுமா?

கூட்டினால் வெளிறிய முகம் இன்னும் வெளிறும், அவ்வளவுதான். கறுத்த சருமத்தில் கன்னமேடும் மூக்கும் தாடையும் துலங்குவது அதன் பளபளப்பால். நேர் எதிரே இருந்து அடிக்கும் விளக்கில் அது எழாது. முன்விளக்குகளை நடிகருக்கு இருபுறமும் 45 டிகிரியில், மேலிருந்து 45 டிகிரி சரிவில் மாட்டுங்கள். அமெரிக்க மேடை ஒளி வல்லுநர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வகுத்த முறை இது. ஒருபுறம் இளஞ்சூடான நிறம், மறுபுறம் குளிர்ந்த நிறம். கறுப்பான நடிகர் நிற்கும் பக்கத்தின் சிறகில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) தலை உயரத்தில் ஒரு சைடு லைட் வைத்து, அதற்குத் தனி டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொடுங்கள். முதலில் முன்விளக்கைச் சிவப்பான முகத்துக்கு அளவாக நிறுத்துங்கள். பிறகு சைடு லைட்டை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். நடிகர்கள் இடம் மாறினால் எதிர்ச் சிறகிலும் ஒன்று வேண்டும். பின்திரை கறுப்பு என்றால் பின்னொளி கட்டாயம். இல்லாவிட்டால் தலைமுடியும் தோளும் திரையோடு கலந்துவிடும்.

எல்.இ.டி. பாரில் (நீள விளக்கில்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுதாகப் போட்டு வெள்ளை எடுத்தால் முகம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதே?

அந்த வெள்ளையில் 570 முதல் 600 நானோமீட்டர் அலைநீளம் வரை, அதாவது மஞ்சளும் ஆம்பரும் இருக்க வேண்டிய இடத்தில், பெரும் பள்ளம். சருமத்தின் நிறம் உருவாவதே அந்தப் பகுதியிலும் அதற்கு மேலும்தான். முகத்துக்கு ஹாலஜன் அல்லது வார்ம் ஒயிட் வாங்குங்கள்; சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் இருக்கட்டும், அடர் சிவப்பைக் காட்டும் திறனைச் சொல்லும் ஆர்9 மதிப்பையும் கேளுங்கள். மூன்று நிற பார்களைப் பின்னொளிக்கும் பின்திரைக்கும் ஒதுக்குங்கள். வேறு விளக்கே இல்லையென்றால் சிவப்பு 100, பச்சை 55, நீலம் 25 சதவீதத்தில் தொடங்கி, முகத்தைப் பார்த்துத் திருத்துங்கள். பெரும்பாலும் கெடுப்பது பச்சைதான்.

இரவுக் காட்சிக்கு எந்த நீலம்?

விளக்கின் முன் மாட்டும் லீ நிறுவன நிறத்தாள்களில் 119 போன்ற அடர் நீலத்தை முகத்தில் போடாதீர்கள். மாநிறமும் கறுப்பும் நீலத்தை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அது பின்னாலும் மேலேயும் இருக்கட்டும். முகத்துக்கு வெளிர் நீலமான 201 அல்லது லாவெண்டரான 137. 117 ஸ்டீல் ப்ளூவில் பச்சைச் சாயல் உண்டு, முகம் நோயாளி முகமாகிவிடும்.

மகளுக்கு அரங்கேற்றம். கறுப்பு நிறம் என்பதால் வெளிர் நிறப் பட்டும், ஒரு படி வெளுத்த பேன்கேக்கும் (மேடை முகப்பூச்சும்) போதும் என்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை எல்லாம் கறுத்த சருமத்தில் எடுத்துக் கொடுக்கும் நிறங்கள். ஊடும் பாவும் வேறு நிறமான மயில்கழுத்து இன்னும் சிறப்பு; சைடு லைட்டில் ஒவ்வொரு அசைவிலும் நிறம் மாறும், சரிகையும் அப்போதுதான் மின்னும். தவிர்க்க வேண்டியவை, சருமத்தின் அதே அழுத்தத்தில் இருக்கும் மங்கல் பழுப்பும், கறுப்புத் திரைமுன் நாவல்பழ நிறமும். சிவப்புப் பட்டு பச்சை ஒளியில் கறுத்துப்போகும், பச்சைப் பட்டு சிவப்பு ஒளியில் அப்படியே. தைக்கக் கொடுக்கும் முன் துணியை மகளின் கன்னத்தருகே பிடித்து, போடப்போகும் விளக்கிலேயே பாருங்கள்.

பேன்கேக் அவள் நிறத்திலேயே இருக்க வேண்டும். வெளுத்ததைப் பூசினால் ஒளியில் முகம் சாம்பலாகும், கழுத்தும் கையும் வேறு ஆள் போலத் தெரியும். அபிநயம் முகமும் கையும் சேர்ந்து பேசும் கலை. அவற்றை இரண்டு நிறமாக்குவது பெரிய இழப்பு. அவள் நிறத்தை மறைக்கச் சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

வெள்ளை வேட்டி கட்டியவர்களின் முகம் வீடியோவில் இருண்டுவிடுகிறது.

கேமராவின் தானியங்கி அளவீடு வேட்டியைப் பார்த்து ஒளியைக் குறைக்கிறது. மேனுவலுக்கு மாற்றி முகத்துக்கு அளவெடுங்கள். ஹாலஜன் என்றால், கேமராவின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் பூட்டுங்கள். வேட்டியை நீர்த்த தேயிலைச் சாயத்தில் ஒருமுறை முக்கி எடுத்தால் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும், ஆனால் வீடியோவில் கண்ணைப் பறிக்காது. சலவை நீலம் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம்.