வேகமான ஸ்லைடுஷோ: நொடியை விடுங்கள், பீட்டை எண்ணுங்கள்

கேள்வி: மூன்றரை நிமிடப் பாட்டுக்கு 400 படங்களை வைத்து வேகமான ஸ்லைடுஷோ ஒன்று செய்கிறேன். எல்லாப் படத்துக்கும் அரை நொடி கொடுத்தேன். சில இடங்களில் பாட்டோடு அழகாகச் சேர்கிறது, கொஞ்ச நேரத்தில் விலகிவிடுகிறது. பார்த்தவர்களோ "கண் வலிக்கிறது, ஒரு படமும் மனதில் நிற்கவில்லை" என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. படத்தின் நீளத்தை நொடியில் அளந்திருக்கிறீர்கள். பாட்டுக்கு நொடி தெரியாது, பீட்தான் (தாளத்தின் ஒவ்வொரு தட்டும்) தெரியும்.

உங்கள் பாட்டு நிமிடத்துக்கு 124 பீட் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பீட்டின் நீளம் 0.484 நொடி. நீங்கள் கொடுத்ததோ 0.5. ஒரு படத்துக்கு 16 மில்லிநொடிதான் வித்தியாசம், யாருக்கும் தெரியாது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். பதினைந்தாவது கட் (ஒரு படம் முடிந்து அடுத்தது வரும் இடம்) இரண்டு பீட்டுக்கு நட்டநடுவில் விழும். முப்பதாவது கட் மறுபடி ஒரு பீட்டின் மேல் வந்து உட்காரும், ஆனால் அது அடுத்த பீட். ஆக 15 நொடிக்கு ஒருமுறை பாட்டும் படமும் சேர்ந்து சேர்ந்து பிரியும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

முதல் வேலை பீட்டைச் சரியாக அளப்பது. காலால் தாளம் போட்டு அரை நிமிடம் எண்ணினால் தோராயமாகத்தான் வரும். எடிட்டிங் மென்பொருளில் பாட்டின் அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். டிரம் விழும் இடம் செங்குத்தாக எழும்பி நிற்கும். முதல் பீட்டில் ஒரு மார்க்கர் (இடத்தைக் குறிக்கும் அடையாளம்), அங்கிருந்து எண்ணி 65-வது பீட்டில் இன்னொரு மார்க்கர் வையுங்கள். இடையே 64 பீட் நீளம் இருக்கிறது. அது 30.97 நொடி என்றால், 64-ஐ 60-ஆல் பெருக்கி 30.97-ஆல் வகுத்தால் 124 கிடைக்கும். பாட்டின் கடைசிப் பகுதியிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கணினித் தாளம், கணக்குப்படி நடக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் ஆட்கள் நேரடியாக வாசித்த பாட்டு. அதில் வேகம் கூடும், குறையும். கணக்கை நம்பாமல் ஒவ்வொரு பீட்டுக்கும் கையால்தான் மார்க்கர் வைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் அப்படிச் செய்ததற்கு உயிர் அதிகம்.

கையால் மார்க்கர் வைக்கும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அதில் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதமாக வருவது சாதாரணம். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டாத மென்பொருளில், தாளத்தைக் கேட்டுக் கேட்டு மார்க்கர் வைக்கும் எம் (M) விசையைத் தட்டினால் எல்லா மார்க்கரும் அரை பீட் வரை தள்ளி விழுந்திருக்கும். வயர் உள்ள ஹெட்போன் போடுங்கள். தட்டி முடித்த பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மார்க்கரையும் டிரம் எழும்பும் இடத்துக்கு ஒரு ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிக் காட்சி) முன்னால் நகர்த்துங்கள். படம் ஒலிக்குச் சற்று முந்தினால் நம் மூளை பொறுத்துக்கொள்ளும், ஒலி முந்தினால் பொறுக்காது. ஒலிபரப்புத் துறையின் கணக்கில் ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே தெரிய ஆரம்பிக்கும். பிந்தினால் சுமார் 125 வரை தெரிவதில்லை.

அடுத்து ஃபிரேம் கணக்கு. நொடிக்கு 30 ஃபிரேமில் வேலை செய்தால் 124 பீட் பாட்டில் ஒரு பீட் 14.52 ஃபிரேம். அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. எல்லாப் படத்துக்கும் 15 கொடுத்தால் பழைய கதையேதான், 14 கொடுத்தால் எதிர்ப்பக்கம் விலகும். ஒவ்வொரு பீட்டின் இடத்தையும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு அருகிலுள்ள ஃபிரேமுக்கு மாற்றுங்கள்: 15, 29, 44, 58, 73 என்று போகும். அதாவது பெரும்பாலும் 15-ம் 14-ம் மாறி மாறி வரும், 31 பீட்டுக்கு மிகச் சரியாக 450 ஃபிரேம் ஆகும். வேகம் 120 என்றால் பீட்டுக்கு 15 ஃபிரேம், 100 என்றால் 18, இந்தத் தொல்லையே இல்லை. பாட்டை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் இதையும் மனதில் வைக்கலாம். ஆனால் கணக்கு சுலபம் என்பதற்காகப் பிடிக்காத பாட்டைப் போடாதீர்கள்.

இனி கண்வலிக்கு வருவோம். எல்லாப் படமும் ஒரே நீளத்தில் வந்தால் அது வேகமாகத் தெரியாது, சலிப்பாகத் தெரியும். பின்னால் ஒரு நிதானம் இருந்தால்தான் முன்னால் ஓடுவது ஓட்டமாகப் படும். 124 பீட் பாட்டு மூன்றரை நிமிடம் ஓடினால் 434 பீட். அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். தொடக்க இசை 32 பீட், படத்துக்கு நான்கு பீட் வீதம் 8 படங்கள். சரணங்கள் இரண்டும் சேர்ந்து 128 பீட், இரண்டு பீட்டுக்கு ஒன்றாக 64 படங்கள். பல்லவி மூன்று முறை வருகிறது, மொத்தம் 192 பீட். இங்கேதான் பீட்டுக்கு ஒரு படம். ஆனால் எட்டு பீட்டுக்கு ஏழு படம் மட்டும் வைத்து, ஏழாவது படத்தை இரண்டு பீட் நிறுத்துங்கள். அந்த ஒரு பீட் மூச்சுதான் மொத்தத்தையும் காப்பாற்றும். ஆக 168 படங்கள். இடையிசை 64 பீட்டுக்கு 16. மிச்சமிருக்கும் 18 பீட்டுக்கு இரண்டே படம், கடைசிப் படம் முடிவு இசை அடங்கும்வரை நிற்கட்டும். கூட்டினால் 258. உங்களிடம் இருப்பது 400. மனதைக் கல்லாக்கிக்கொண்டு 142 படங்களை எடுத்துவிடத்தான் வேண்டும்.

திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில், போகும் பாட்டு என்றால் நான்கு நான்காகப் பிரிக்காதீர்கள். ஆறு எண்ணிக்கையில் ஒன்றிலும் நான்கிலும் வெட்டினால் போதும்.

எதை எடுப்பது, எதை வைப்பது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. படங்களைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் என்னவென்று புரிகிற படம் ஒரு பீட்டைத் தாங்கும்: ஒரு முகம், ஒரு சிரிப்பு, குதித்து அந்தரத்தில் நிற்கும் ஓர் உருவம். இருபது பேர் வரிசையாக நிற்கும் குழுப் படம் தாங்காது. பார்ப்பவர் தன்னைத் தேடி முடிப்பதற்குள் அது போய்விடும், அவருக்கு வருத்தம்தான் மிஞ்சும். அதற்கு நான்கு பீட், முடிந்தால் எட்டு கொடுங்கள்.

பலரும் கவனிக்காதது கண் போகும் பாதை. ஒரு படத்தில் முகம் திரையின் இடது ஓரத்தில், அடுத்ததில் வலது ஓரத்தில் என்றால், கண் புதிய இடத்தைப் பிடிக்கவே சுமார் 0.2 நொடி எடுக்கும். உங்களிடம் இருப்பதே 0.48 நொடி. பாதி நேரம் தேடுவதில் போகிறது, வலி அங்கிருந்துதான் வருகிறது. அதனால் பல்லவிப் பகுதியில் ஓர் எட்டு பீட் தொகுப்புக்குள் எல்லா முகங்களையும் திரையில் ஏறக்குறைய ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். வழிகாட்டிக் கோடு இரண்டு போட்டு, கண்கள் அந்தச் சந்திப்பில் விழும்படி படத்தை நகர்த்தி, தேவையானால் பெரிதாக்கி ஒழுங்குபடுத்துங்கள். அடுத்த எட்டுக்குப் புள்ளியை மாற்றலாம். இதை ஒரு தொகுப்பில் செய்து பார்த்தாலே வித்தியாசம் புரியும். வேகம் குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு முகமும் தெரிகிறது.

இருட்டுப் படத்துக்கும் பளிச்சென்ற படத்துக்கும் மாறி மாறித் தாவாதீர்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிட்டால், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது ஆபத்து. வெள்ளை ஃபிளாஷ் எஃபெக்ட்டுக்கும் இதே எல்லைதான். அரை பீட்டுக்கு ஒரு படம் வைக்க ஆசை இருந்தால், ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்களை மட்டும் வையுங்கள்.

ஒரு படம் கரைந்து அடுத்ததாக மாறும் டிசால்வ் வேண்டாம். அது படிப்படியாக மாறுவதால் பீட் எங்கே விழுந்தது என்பதே மங்கிவிடும். நேர் கட் போதும், மெதுவான இடையிசையில் மட்டும் டிசால்வ் பொருந்தும். ஜூம் வைத்தால் ஒரு பீட் படத்துக்கு 100-லிருந்து 104 சதவீதம் போதும். ஒரு தொகுப்பு முழுக்க ஒரே திசையில் போகட்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று மாற்றினால் தலை சுற்றும்.

நெடுக்குப் படங்களைக் கறுப்புப் பட்டைகளோடு போடாதீர்கள். 1920 அகலத்தை மூன்றாகப் பிரித்தால் தலா 640. முதல் பீட்டில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்றும் நிறைந்து, நான்காவதில் அப்படியே நிற்கட்டும். தாளத்துக்கு இது மிக நன்றாகப் பொருந்தும்.

மென்பொருள் சங்கதிகள் சில. பாட்டு எம்பி3 என்றால் முதலில் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றுங்கள். பிட்ரேட் (ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 சில எடிட்டர்களில் நேரம் பிசகும். படங்களை 2400 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். 4000-க்கு 3000 படம் ஒன்று விரிந்தால் நினைவகத்தில் சுமார் 48 எம்பி பிடிக்கும். 258 படத்தோடு திரை திக்கித் திக்கி ஓடினால் எது பீட், எது திக்கல் என்றே தெரியாது. பிரீமியர் புரோவில் மார்க்கர்களை வைத்துவிட்டு, படங்களை வரிசைப்படி தேர்ந்தெடுத்து, 'ஆட்டோமேட் டு சீக்வென்ஸ்' கட்டளையில் எண்ணிடாத மார்க்கர்களைத் தேர்வுசெய்தால் எல்லாம் தானே போய் உட்காரும். படத்தின் இயல்பு நீளம் உங்கள் மிக நீண்ட இடைவெளியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுநடுவே கறுப்பு தெரியும். அந்த நீளத்தைப் படங்களை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே மாற்றுங்கள், பிறகு மாற்றினால் ஏற்கெனவே வந்தவற்றுக்குப் பொருந்தாது. கைபேசிச் செயலிகளின் தானியங்கி பீட் கண்டறிதல் டிரம் தூக்கலாக உள்ள பாட்டில் நன்றாகவே வேலை செய்யும். மென்மையான பாட்டில் வேகத்தை இரட்டிப்பாகவோ பாதியாகவோ எடுத்துக்கொள்ளும், மூன்று இடத்தில் சரிபார்த்த பிறகு நம்புங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது 1080பி, 30 ஃபிரேம், எச்.264, குறைந்தது 16 எம்பிபிஎஸ் வையுங்கள். சாதாரண வீடியோவில் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றுபோல் இருப்பதால் குறைந்த பிட்ரேட் போதும். இங்கே அரை நொடிக்கு ஒருமுறை முழுப் படமும் புதிது, பிட்ரேட் குறைந்தால் ஒவ்வொரு கட்டும் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கிவிடும்.

திரையில் போட்டுக் காட்டும் நாளில் ஸ்பீக்கரும் வயரில் இருக்கட்டும். புளூடூத் ஸ்பீக்கரானால் மார்க்கருக்குச் சொன்ன அதே தாமதம் இங்கேயும் வந்து, நீங்கள் ஃபிரேம் ஃபிரேமாகச் சேர்த்த கட்டெல்லாம் பாட்டுக்கு முன்னால் ஓடும். புரொஜெக்டரிலும் டிவியிலும் படம் தாமதமாகலாம். நிகழ்ச்சிக்கு முன்பே முதல் பல்லவி வரை ஓட்டிப் பாருங்கள். படம் பிந்தினால் டிவியில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள், ஒலி முந்துவது பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.