செல்லோ கேள்வி பதில்: முதல் பொசிஷனிலிருந்து ஆர்கெஸ்ட்ரா தேர்வு வரை

கே: பையனுக்கு 10 வயது. முழு அளவு செல்லோவாகவே வாங்கிவிட்டால் பின்னால் செலவு மிச்சம்தானே, சார்?

ப: வேண்டாம். முழு அளவில் தந்தியின் நீளம் சுமார் 69 செ.மீ. முதல் பொசிஷனில் (கழுத்தின் மேல்முனையருகே கை நிற்கும் அடிப்படை நிலை) ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஏறக்குறைய 10 செ.மீ. வரும், விரலை நீட்டிப் பிடிக்கும் எக்ஸ்டென்ஷனில் 13-ஐத் தாண்டும். எட்டாத கை, கட்டைவிரலைச் செல்லோவின் கழுத்தில் அழுத்தி, மணிக்கட்டை மடக்கித்தான் பிடிக்கும். அது பழகிவிட்டால் பிறகு தம்ப் பொசிஷனுக்குக் (கட்டைவிரலையும் தந்தியின் மேல் வைத்து உயர்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் நிலை) கை ஏறாது. இந்த வயதுக்குப் பெரும்பாலும் அரை அல்லது முக்கால் அளவு. வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. உட்காரவைத்துப் பாருங்கள்: பெட்டியின் மேல்விளிம்பு நெஞ்செலும்பில் படவேண்டும், சி தந்தியின் பிருடை இடது காதருகே வரவேண்டும், கட்டைவிரலை அழுத்தாமலே நான்கு விரலும் தந்தியில் அமரவேண்டும்.

கே: மகளுக்கு 8. கால் அளவா, அரையா?

ப: மேலே சொன்ன மூன்றையும் பாருங்கள். வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கே: ஜி தந்தியில் எஃப் வாசித்தால் மட்டும் ஒலி உறுமுகிறது.

ப: உல்ஃப் டோன். பெட்டி தானாக அதிரும் சுருதியோடு தந்தி மோதுகிறது. குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே அதே தந்தியில், இந்த உறுமலை அடக்கும் எலிமினேட்டர் என்ற சிறு குழாயை மாட்டி, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திப் பாருங்கள்.

கே: மகள் ஜெர்மனியில் ஆர்கெஸ்ட்ரா தேர்வுக்குத் தயாராகிறாள். ஹைடனின் டி மேஜர் கன்செர்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேட்கிறார்கள். அவருடைய சி மேஜர் கன்செர்டோ போதாதா?

ப: அறிவிப்பில் டி மேஜர் என்றிருந்தால் அதுதான். முதல் பகுதி, கடென்ஸாவோடு (ஆர்கெஸ்ட்ரா நிற்க, தனியாக வாசிக்கும் இடம்).

கே (வேறொருவர்): வெறும் சம்பிரதாயம் சார். சி மேஜரின் பிரதி பிராகில் கிடைத்ததே 1961-இல்தான். அதற்குள் டி மேஜர் வேரூன்றிவிட்டது.

ப: 1961 சரி. ஆனால் சம்பிரதாயம் மட்டும் என்பதை ஏற்கமாட்டேன். டி மேஜரில் தம்ப் பொசிஷன், ஆக்டேவ் (எட்டு ஸ்வர இடைவெளி), இரண்டு தந்தியை ஒன்றாக இழுத்து வாசிக்கும் தேர்ட்ஸ் (மூன்று ஸ்வர இடைவெளி) எல்லாம் முதல் பகுதியிலேயே வந்துவிடும். சுருதி இம்மி பிசகினாலும் ஒளிய இடமில்லை.

கே (அவரே): சி மேஜரின் கடைசிப் பகுதி வில்லைச் சோதிக்குமே?

ப: சோதிக்கும். ஆனால் தொடக்கச் சுற்றில் கேட்பது முதல் பகுதியை. வில்லை எக்ஸர்ப்டில் (ஆர்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்து தேர்வுக்கு எடுக்கும் சிறு பகுதி) பார்த்துக்கொள்வார்கள். பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனி, இரண்டாம் பகுதித் தொடக்கத்தை எடுங்கள். புள்ளி வைத்த ஸ்வரமும் அடுத்த குறுஸ்வரமும் நீளத்தில் 3:1. கவனம் தளர்ந்தால் 2:1 ஆகி, திஸ்ரம்போல் குழைந்துவிடும். பலர் வெளியேறுவது இங்கேதான். மெட்ரோனோமின் ஒவ்வொரு தட்டுக்கும் 'தகதிமி' சொல்லி, குறுஸ்வரத்தை 'மி'யில் வையுங்கள். வாயில் நின்ற பிறகு வில்லுக்குப் போங்கள்.

கே: 11 வயதுக்கு முழு அளவு...?

ப: முதல் பதிலைப் படியுங்கள். கட்டைவிரல்! கட்டைவிரலைப் பாருங்கள்.

கே: வாசித்து முடித்தால் இடது கை மரத்துப்போகிறது. எந்த எட்யூட் (பயிற்சிப் பாடம்) நல்லது?

ப: எட்யூட் வேண்டாம். இன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அனுமதித்தபின் 10 நிமிடம் மட்டும், கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாக ஸ்கேல்.