இங்கிலாந்துக் கிராமத்தில் குளிர்காலம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். வடக்கு யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகள் செவிலியர். அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து, இந்தக் கோடையில் கணவரோடும் ஆறு வயது மகளோடும் அங்கே போய்ச் சேர்ந்தாள். ரீத் என்னும் ஊருக்கு அருகே பழைய கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கோடையில் அவள் அனுப்பிய படங்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துபோனோம். இப்போது அக்டோபர் பிறந்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பனியில் பாதை அடைபட்டுவிடும், அவசரத்துக்கு ஓர் ஆள் கிடைக்காது, வெள்ளைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று உறவினர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். மகளும் போன வாரம், "தெருவில் பல வீடுகளில் விளக்கே எரிவதில்லை அம்மா" என்றாள். அங்கே குளிர்காலம் உண்மையில் எப்படி இருக்கும்? நகரத்துக்கு மாறிவிடச் சொல்லட்டுமா? நான் ஒரு மாதம் போய் உடன் இருக்கலாம் என்று நினைக்கிறேன். எப்போது போனால் அவளுக்கு உதவியாக இருக்கும்?

அன்புடன்,
வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்), தென்காசி

அன்புள்ள அம்மா,

உங்கள் கவலைகளில் பனியைப் பற்றியதை முதலில் இறக்கி வைத்துவிடலாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் இங்கிலாந்துக் கிராமம் எப்போதும் முழங்கால் ஆழப் பனியில் கிடக்கும். உண்மையில் அங்கே குளிர்காலத்தின் அன்றாட முகம் மழையும் சேறும் ஈரக்காற்றும்தான். மலைப்பக்கத்து ஊர்களில் ஆண்டுதோறும் சில நாட்கள் பனி பெய்து தரையில் தங்கும். ஸ்வேல்டேலிலிருந்து தெற்கே ஹாஸ் ஊருக்கு ஏறிச் செல்லும் பட்டர்டப்ஸ் கணவாய் அப்போது அடைபடும். 1947லும் 1962-63லும் வந்த கொடுங்குளிரைப் பற்றி முதியவர்கள் இன்றும் பேசுகிறார்கள் என்றால், அப்படிப்பட்டவை அத்தனை அரிதாக வருகின்றன என்றே பொருள். மற்ற ஆண்டுகளில் முக்கியச் சாலைகளில் உள்ளாட்சிக் கவுன்சிலின் லாரி இரவோடு இரவாக உப்பைத் தூவிச் சென்றுவிடும். கிளைச் சாலைகளுக்கு அது வராது. ஏற்றங்களில் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டிகளிலிருந்து ஊர்க்காரர்களே உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். கனத்த பனி விழுந்தால், முன்புறம் பனிவாரி பூட்டிய டிராக்டரோடு வரும் விவசாயிதான் வழி திறப்பார். இரவுப் பணிக்குப் போகும் உங்கள் மகள் காரில் ஒரு மண்வெட்டியும் போர்வையும் டார்ச்சும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டால் போதும்.

நான் கவனமாக இருக்கச் சொல்வது இருட்டைப் பற்றி. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்றிலிருந்து மாலை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் எட்டரை மணியளவில்தான் எழும், மூன்றே முக்கால் மணிக்குள் விழுந்துவிடும். நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்துக்குத்தான் வரும் என்பதால், தெற்கே மலை மறைக்கும் வீடுகளுக்கு வாரக்கணக்கில் நேரடி வெயில் கிடைப்பதில்லை. தென்காசியில் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு முன்னும் பின்னுமாக விடிந்து அடங்கும் பொழுதுக்குப் பழகிய உடல் இதை எளிதில் ஏற்காது. காரணம் தெரியாத சோர்வு வரும், தூக்கம் தாறுமாறாகும், ஊர் நினைப்பு வழக்கத்தைவிட அதிகமாக வாட்டும். அவள் அப்படி ஏதாவது சொன்னால் மனம் சரியில்லை என்று முடிவுகட்டிவிடாமல், வெளிச்சம் போதவில்லை என்று முதலில் நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே, மழை தூறினாலும் பரவாயில்லை என்று அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவதை அங்கே வாழ்பவர்கள் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் அறிவுரை. நம்மைப் போன்ற கருநிறத் தோல் உடையவர்கள் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி அதே அறிவுரை கூறுகிறது. செவிலியரான அவளுக்கு இது தெரியாமல் இருக்காது. பேத்திக்கும் கொடுக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது வீடு. பழைய கல்வீட்டின் சுவர் ஒரே திண்ணமாக இருக்கும். பிற்காலத்துச் செங்கல் வீடுகளில் இரண்டு சுவர்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளி அதில் கிடையாது. அதனால் அது மெதுவாகச் சூடேறும், ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மலைப்பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்குக் குழாய் வழியே எரிவாயு வருவதில்லை. தோட்டத்து மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். அதில் இருப்பது கிட்டத்தட்ட நாம் ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெய்தான். அதை எரித்துத்தான் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் அரசு ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கும் விலை உச்சவரம்பு இந்த எண்ணெய்க்கு இல்லை. பெரும்பாலும் ஒரே தவணையில் குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டியிருப்பதால், குளிர் வந்த பிறகு வாங்குபவர்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள். அதனால் பல கிராமங்களில் ஒருவர் வீடுவீடாக யாருக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டு, மொத்தமாக விலை பேசி, டேங்கர் லாரியை ஒரே நாளில் வரவழைக்கிறார். உங்கள் மகள் இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை, அவள் ஊரில் அந்தப் பட்டியலை எழுதுபவர் யார் என்று விசாரித்துத் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வது. கணப்பு அடுப்பு இருந்தால் விறகைப் பற்றியும் கேட்கட்டும். 2021 மே மாதத்திலிருந்து ஈர விறகைச் சிறு அளவில் விற்பதற்கு இங்கிலாந்தில் தடை இருக்கிறது. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும் விறகே புகையாமல் எரியும்.

நுணுக்கமான ஒன்றையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் வாடகைக்கு விடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. பாய்லரில் சேரும் கழிவுநீரை வெளியேற்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் இறங்கும். கடும் உறைபனி இரவில் அந்த நீர் குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டால் பாய்லர் தானாக நின்றுவிடும். விடிந்தால் வீட்டில் வெந்நீரும் இருக்காது, சூடும் இருக்காது. பதறிப்போய் மெக்கானிக்கை அழைத்தால் அன்று அவர் பத்து வீடுகளில் இதே வேலையாக அலைந்துகொண்டிருப்பார். கொதிக்காத, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரை அந்தக் குழாயின் மேல் மெதுவாக ஊற்றினால் பத்து நிமிடத்தில் பனிக்கட்டி இளகி, பாய்லரை மறுபடியும் இயக்கிவிடலாம். நம் சமையலுக்கும் அந்தச் சுவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இட்லிப் பாத்திரத்து ஆவியும் ரசம் கொதிக்கும் ஆவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து, ஒரே மாதத்தில் கரும்பூஞ்சையாகும். சமைக்கும்போது சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதில் போகும் சூட்டைவிட, பூஞ்சையால் குழந்தையின் நெஞ்சுக்கு வரும் கேடு பெரிது.

அவசரத்துக்கு ஆள் கிடைப்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு, 2021 நவம்பர் 26 அன்று வீசிய ஆர்வென் புயலைத்தான் விடையாகச் சொல்ல முடியும். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பெருமளவில் மரங்கள் மின்கம்பிகள் மேல் சாய்ந்தன. ஒதுக்குப்புறத்துக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. ஸ்வேல்டேலுக்கு மேலே, 528 மீட்டர் உயரத்தில், பிரிட்டனின் மதுவிடுதிகளிலேயே மிக உயரமான இடத்தில் இருக்கும் டான் ஹில் பப்பில் அன்று இசை கேட்க வந்திருந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று இரவுகள் அங்கேயே தங்கினார்கள். உலகச் செய்தியானது அதுதான். வெளியே பேசப்படாதது, இருண்ட கிராமங்களில் எரிவாயு அடுப்பு வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்ததும், தனியாக இருந்த முதியவர்களின் கதவுகளை அக்கம்பக்கத்தார் போய்த் தட்டியதும். இதை நான் நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், மின்சாரம் போனால் சூடும் போய்விடும். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்புகள் 2027 ஜனவரிக்குள் முற்றிலும் நிறுத்தப்பட இருக்கின்றன. புதிய இணையவழித் தொலைபேசி மின்சாரம் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். கைபேசிக் கோபுரமும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அப்போது உதவ இருப்பது நடந்துபோய்த் தட்டக்கூடிய ஒரு கதவு. அந்தக் கதவு யாருடையது என்பதை நவம்பருக்கு முன்பே உங்கள் மகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விளக்கெரியாத வீடுகளைப் பற்றி அவள் சொன்னது என்னைப் பாதித்தது, ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய துயரம் அதுதான். அவை விடுமுறை வீடுகள். நகரத்தில் வசதியாக வாழ்பவர்கள் கோடையில் வந்து தங்குவதற்காக வாங்கியவை, அல்லது சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக்கணக்கில் விடுபவை. 2025 ஏப்ரலிலிருந்து வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில் இரண்டாம் வீடுகளுக்கு இரு மடங்கு வீட்டு வரி விதிக்கிறது என்றாலும், விலை ஏறிய வீடுகளை அந்த மண்ணில் பிறந்த இளைஞர்களால் இன்னும் வாங்க முடியவில்லை. குழந்தைகள் குறைந்ததால் பள்ளிகள் மூடப்படும் நிலைக்கு வருகின்றன; பள்ளி போனால் இளம் குடும்பங்கள் வருவதில்லை. ஆகவே அங்கே தனிமை என்பது வெள்ளைக்காரர்களின் குணத்தால் வந்ததல்ல, ஆளில்லாத வீடுகளால் வந்தது. இதில் உங்களுக்கு ஆறுதல் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோடையில் வருபவர்களை ஊர் விருந்தினர்களாகத்தான் பார்க்கும். ஜனவரியில் இருப்பவர்களைத்தான் தன்னவர்களாக எண்ணும். ஆறு வயதுக் குழந்தையோடு குளிர்காலத்தைக் கழிக்க வந்திருக்கும் ஒரு செவிலியரை அந்த ஊர் எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

ஆனால் நம் ஊரைப் போல அவர்கள் தாமாக வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டார்கள், அழைக்காமல் வருவதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். ஒரு வேலையை நடுவில் வைத்தால்தான் பழக்கம் தொடங்கும். நவம்பர் தொடக்கத்திலிருந்து அந்த வேலைகளுக்குக் குறைவே இல்லை: ஐந்தாம் தேதி சொக்கப்பனையும் வாணவேடிக்கையும், அம்மாதத்தின் இரண்டாம் ஞாயிறு போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல்லின் முன் அஞ்சலி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்கள். மியூக்கர் கிராமத்து வாத்தியக் குழு 1897இல் தொடங்கியது. இன்றும் விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஊதுகிறார்கள். ஊர்ப் பொதுக்கூடத்தில் முதியவர்களுக்கு மதிய உணவு போடும் நாளில் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும். ஹாஸில் பெட்ரோல் பங்கையும் தபால் நிலையத்தையும் அந்த ஊர்மக்களின் அமைப்பே நடத்துகிறது. லிட்டில் ஒயிட் பஸ் என்ற சிறு பேருந்துகளைத் தன்னார்வலர்களும் ஓட்டுகிறார்கள். அரசும் வங்கியும் விட்டுப்போன இடங்களை நிரப்பி வாழும் மக்கள் அவர்கள். ஒரு கை கூடுதலாகக் கிடைப்பதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

பேத்திக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். நவம்பர் ஐந்தாம் தேதி வாக்கில்தான் ஸ்வேல்டேல் செம்மறிகளோடு கிடாக்களைச் சேர்ப்பார்கள். சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம் என்பதால் ஏப்ரல் முதல் நாள் வாக்கில், புல் முளைக்கும் நேரத்தில், குட்டிகள் பிறக்கும். கிடாவின் மார்பில் வண்ணம் பூசியிருப்பார்கள். அது சேர்ந்த ஆடுகளின் பின்புறத்தில் அந்த வண்ணம் ஒட்டிக்கொள்ளும். பதினாறு, பதினேழு நாட்களுக்கு ஒருமுறை வண்ணத்தை மாற்றுவதால், எந்த ஆடு எந்த வாரத்தில் ஈனும் என்பது தூரத்திலிருந்தே தெரியும். பள்ளிக்குப் போகும் வழியில் சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை என்று அவள் எண்ணிக்கொண்டே போகலாம். அதைப் பற்றி ஒரு விவசாயியிடம் அவள் கேட்டால் போதும், அந்தக் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் பேச்சு தொடங்கிவிடும்.

நகரத்துக்கு மாறச் சொல்லாதீர்கள். ஒரு குளிர்காலத்தையாவது முழுதாக அவர்கள் அங்கே கழித்துப் பார்க்கட்டும். நீங்கள் போவதானால் டிசம்பரில் வேண்டாம், அப்போது ஊரே விளக்கும் பாட்டுமாக இருக்கும், அவளுக்கும் ஓய்வில்லாத வேலை இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரம் போய்ச் சேருங்கள். விழாக்கள் முடிந்து விடுமுறைக்கு வந்தவர்களும் போன பிறகு, அவளுக்குப் பேச ஓர் ஆள் தேவைப்படும் மாதம் அது. கனத்த கம்பளிக் கோட்டுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள், மெல்லிய கம்பளி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே நல்லது. சேற்றில் வழுக்காத, நீர் புகாத காலணி ஒன்றை மட்டும் அங்கே போனதும், பக்கத்து ஊரான ரிச்மண்டில், உங்கள் மகளோடு போய் உங்கள் காலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.