ஒத்தை கியரில் ஏற்காடு: ஓவல் ரிங் போட்டால் செயின் நிற்குமா?

கேள்வி: சேலம் கோரிமேட்டில் இருக்கிறேன். 29 இஞ்ச் ஸ்டீல் ஃப்ரேம், ஒத்தை கியர் மவுண்டன் பைக். முன்னால் 32 பல், பின்னால் 18. ஏற்காடு தார் ரோட்டில் நின்று மிதித்தே சமாளிக்கிறேன். ஆனால் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்து மண் பாதையில், கிராங்க் (பெடல் பூட்டிய கை) நெட்டுக்குத்தாக வரும் இடத்தில் வண்டி அப்படியே நின்றுவிடுகிறது. முன்னால் 32 பல் ஓவல் ரிங் (நீள்வட்டப் பல் சக்கரம்) மாட்டினால் தீருமா? ஒத்தை கியரில் ஓவல் போட்டால் செயின் கழன்றுகொண்டே இருக்கும் என்கிறார் மெக்கானிக். பின் ஆக்சிலை முன்னும் பின்னும் நகர்த்த ஃப்ரேமில் வசதி இருக்கிறது.

பதில்: போடலாம். ஆனால் முதலில் பின்னால் இருக்கும் 18-ஐக் கழற்றுங்கள்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, கிராங்க் 175 மி.மீ., ஏற்றம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 32க்கு 18 என்றால் பெடலில் சராசரியாக 46 கிலோ அழுத்தம் வேண்டும். கால் சீராக அழுத்துவதில்லை. கிராங்க் படுத்திருக்கும்போது உச்சம், நெட்டுக்குத்தாக நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் உச்ச அழுத்தம் 70 கிலோவைத் தாண்டிவிடும். உடம்பு முழுவதையும் ஒரே பெடலில் ஏற்றினாலும் போதாமல் ஹேண்டில்பாரையும் பிடித்து இழுக்க வேண்டிய நிலை இது. பின்னால் 22 போட்டால் சராசரி 38, உச்சம் 60 என்று இறங்கும். எந்த ஓவல் ரிங்கும் இவ்வளவு சலுகை தராது.

ஓவல் செய்வது வேறு வேலை. 32 பல் ஓவல் ரிங்கில் சராசரி 32 தான். கால் பலமாக இறங்கும் கட்டத்தில் அது சுமார் 34 பல் போலவும், கிராங்க் நெட்டுக்குத்தாக வரும் கட்டத்தில் சுமார் 30 பல் போலவும் நடந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் அந்த இடத்தைக் கால் சட்டென்று கடந்துவிடும். பின் டயருக்குப் போகும் இழுவையும் கொஞ்சம் சீராவதால் ஈரச் செம்மண்ணில் வழுக்குவது குறையும். கால் பலத்தைக் கூட்டும், வேகம் தரும் என்ற விளம்பரப் பேச்சை நம்ப வேண்டாம். மெதுவாக, அழுத்தி மிதிக்கும் மேட்டில்தான் இதன் அருமை தெரியும். ஒத்தை கியர்க்காரருக்கு மேடு என்றாலே அப்படித்தானே.

மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை. ஓவல் சுற்றும்போது செயினுக்குத் தேவையான நீளம் மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 32க்கு 18, ஆக்சிலுக்கும் கிராங்க் மையத்துக்கும் இடையே சுமார் 430 மி.மீ. என்றால், மொத்த வித்தியாசம் ஏறக்குறைய 1 மி.மீ. தான். முன் பல்லும் பின் பல்லும் ஒரே அளவாக இருந்தால் வித்தியாசமே இருக்காது. இரண்டின் பல் எண்ணிக்கை விலக விலக இதுவும் கூடும். பின்னால் 22 போட்டால் முக்கால் மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். இதுவும் 22-க்கு ஒரு காரணம்.

1 மி.மீ. என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் செயினில் 1 மி.மீ. நீளம் உபரியானால் நடுவில் அது 15 மி.மீ. வரை தொங்கும். அதைப் பார்த்துத்தான் மெக்கானிக் பயப்படுகிறார். தொங்கும் இடத்தில் செயினை இழுத்துக் கட்டினால் ரிங் அடுத்த கால்வாசிச் சுற்று போனதும் செயின் விறைத்துவிடும். பேரிங்கும் ஃப்ரீவீலும் (பின் பல் சக்கரம்) அடிவாங்கும், சில நேரம் கிராங்க்கே திரும்பாது.

அதனால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கிராங்கை மெதுவாகச் சுற்றி, செயின் அதிகம் விறைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ரிங்கின் நீளப் பக்கம் மேலும் கீழுமாக நிற்கும் நிலை அது. வலது கிராங்க் முன்னால் படுத்து, அதையும் கொஞ்சம் தாண்டி இறங்கியிருக்கும். அந்த நிலையில் கீழ்ச் செயினின் நடுவை விரலால் அழுத்தினால் 5 மி.மீ. இறங்க வேண்டும். அங்கே ஆக்சிலை இறுக்குங்கள். கிராங்க் நெட்டுக்குத்தாக வரும்போது அதே இடம் 15 மி.மீ. வரை ஆடும். ஆடட்டும். நீங்கள் பலமாக மிதிக்கும் கட்டத்தில் செயின் விறைப்பாகவும், கால் தளரும் கட்டத்தில் லூஸாகவும் இருப்பதால் இது தொந்தரவு தராது.

25 மி.மீ. ஆடினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி எண்ணிப் பாருங்கள். விறைப்பு இரண்டு முறை வந்தால் ஓவலின் இயல்பு. ஒரே ஒரு முறை வந்தால் ரிங் மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினைத் தட்டி, மறுபடி குறுக்காக இறுக்குங்கள். கிராங்க் சுற்றுக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்து போனால் ஃப்ரீவீல் கோணலாக ஓடுகிறது.

ரிங் வாங்கும்போது ஒரு பல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் மாறி மாறி வரும் வகையை வாங்குங்கள். லூஸான கட்டத்தில் செயினைப் பிடித்து வைப்பது இந்தப் பற்கள்தான். இதற்கு 9 அல்லது 10 ஸ்பீடு செயின் (பின்னால் அத்தனை பல் சக்கரம் உள்ள கியர் வண்டிக்கானது) போட வேண்டும். சாதா சைக்கிளின் 1/8 இஞ்ச் அகலச் செயின் இதில் தொளதொள என்று உட்காரும். பின்னால் இருக்கும் ஃப்ரீவீலின் பல்லும் மெல்லியதாக, 3/32 இஞ்ச் செயினுக்கானதாக இருக்க வேண்டும். தடித்த பல்லில் 9 ஸ்பீடு செயின் இறங்காது. நீளம் சரிக்கட்ட அரை லிங்க் சேர்க்கும் பழைய உத்தி இங்கே செல்லாது. ஓர் அரை லிங்க் வந்தாலே வரிசை மாறி, தடித்த பல் மேல் குறுகிய லிங்க் ஏறி நிற்கும். 18-இலிருந்து 22-க்குப் போகும்போது முழு லிங்க் ஒரு ஜோடி, அதாவது 25.4 மி.மீ., சேர்த்தால் ஆக்சில் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். 20-க்குப் போனால் செயினைத் தொட வேண்டாம்; ஆக்சில் 6 மி.மீ. முன்னால் வரும். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பரையும் (பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் பாகம்) கூடவே சரிசெய்ய வேண்டும்.

கிராங்க்கில் ரிங் ரிவெட் அடித்திருந்தால் கழற்ற முடியாது, கிராங்க் செட்டே மாற்ற வேண்டும். நாலு போல்ட் கிராங்க் என்றால் பக்கத்துப் பக்கத்து ஓட்டை மையங்களுக்கு இடையே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் 73.5 மி.மீ. வந்தால் அது 104 அளவு, அதாவது போல்ட் ஓட்டைகள் அமையும் வட்டத்தின் விட்டம் 104 மி.மீ. 32 ஓவல் சுலபமாகக் கிடைக்கும்.

மாட்டும்போது ரிங்கில் இருக்கும் அடையாளக் குறியை, தயாரிப்பாளர் சொன்னபடி, கிராங்க் கைக்கு நேராக வையுங்கள். ஓர் ஓட்டை தள்ளி மாட்டினால் 90 டிகிரி பிசகி, கனமாக இருக்க வேண்டிய இடம் இலேசாகவும் இலேசான இடம் கனமாகவும் மாறிவிடும். 1980களில் ஷிமானோ விற்ற பயோபேஸ் ரிங், பலமாக மிதிக்கும் கட்டத்தில் சிறிய ஆரம் வரும்படியே வடிவமைக்கப்பட்டது. ஓவல் என்றால் முட்டிக்கு ஆகாது என்ற பேச்சு இன்றும் சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். அலுமினிய ரிங் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். கடைசியாக, கிராங்க் நெட்டுக்குத்தாக இருக்கும்போது ரிங்குக்கும் பின் ஃபோர்க் குழாய்க்கும் 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஓவல் அங்கேதான் உரசும்.

ஆக்சில் வழுக்காமலிருக்க வலப்பக்கம் ஒரு செயின் அட்ஜஸ்டர் கட்டாயம் போடுங்கள். முதல் இரண்டு சவாரிக்குப் பிறகு விறைப்பை மறுபடி பாருங்கள், புதுச் செயின் கொஞ்சம் இளகும். செட்டிச்சாவடிப் பக்கம் போகிறவர் என்றால் மேக்னசைட் சுரங்கத்து வெள்ளைத் தூசி எண்ணெயோடு சேர்ந்து செயினை அரைத்துவிடும். துடைத்துவிட்டுக் கொஞ்சமாக எண்ணெய் விடுங்கள்.

22-க்கும் ஒரு விலை உண்டு. மலை இறங்கி அடிவாரத்திலிருந்து கோரிமேட்டுக்கு வரும் சமவெளியில் நிமிடத்துக்கு 100 சுற்று சுழற்றினாலும் மணிக்கு 20 கி.மீ. தான் வரும். 18-இல் 24 வந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள்தான் மலை, மற்ற நாள் ஊருக்குள் என்றால் 20 பல்லும் ஓவலும் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தோட்டத்துப் பாதைதான் முக்கியம் என்றால் நேராக 22.